ஆபத்துக் காலத் தொண்டர்: திரட்டலும் பேணலும்

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாகக் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்தது. ஜிந்துப்பிட்டியிலிருந்து அத்திருத்தலம் நடந்தே சென்றடையத்தக்க அண்மையில் உள்ளது. அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நிகழ்ந்த தாக்குதல்களிலே 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தி பரவிய சிறிது நேரத்துள் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்தின் முன்னே குருதி கொடுக்க வந்தோர் நீண்ட வரிசையாக நின்றனர். சைவர், பௌத்தர், இஸ்லாமியர், கிறித்தவர் என்ற வேறுபாடு அவ்வரிசையில் இருக்கவில்லை. வந்தோர் தொகை மிகுந்தமையால், போதிய குருதி கிடைத்துவிட்டது என அறிவித்து எஞ்சியோரைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் அத்திருத்தலத்துக்கு அண்மையில் நிறுத்தப்பட்டிருந்த வான் ஒன்றினுள் வெடிபொருள் காணப்பட்டது. அதனைச் செயலிழக்கச் செய்ய முற்பட்ட வேளையில் அது வெடித்தது. அவ்விடத்திலே திரண்டிருந்தவர்கள் சிதறி ஓடினர். அதே நாளிற் புறக்கோட்டை பஸ்தியான் மாவத்தை பஸ் நிலையத்தில் வெடிபொருளைத் தூண்டும் கருவிகள் 87 கண்டெடுக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. உதவ முன்வரும் மனம் நம்மவரிடையே குறைவாக இல்லை என்பது ஒன்று. அம்மனம் தானாகவே உதவியாகிவிடுவதில்லை என்பது மற்றொன்று. குருதியையே எடுத்துக்கொள்வோம். செங்குருதிக் கலங்களை ஏறக்குறைய ஆறு வாரம் வரையே சேமிக்கலாம். குருதிச் சிறுதட்டுக்களை ஐந்து நாள் வரையே சேமிக்கலாம். ஒருமுறை கொடுத்தவர் மீண்டும் கொடுப்பதற்குச் சில மாதங்கள் செல்ல வேண்டும். ஆகவே ஒரே நாளில் எல்லாரும் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் கொடுப்பதற்கு ஆள் அருகிவிடும். அவ்வரிசையில் நின்றோரின் பெயரை எழுதி, “நீர் இன்று கொடும், நீர் ஐந்து வாரம் கழித்து வாரும்” என்று கூறத்தக்க ஓர் ஒழுங்கு இருப்பின், வந்த ஒருவரது அன்பும் வீண்போகாது. ஆபத்துக்கென ஒரு தொண்டர் படையை முன்கூட்டியே அமைப்பதன் நோக்கமும் இதுவே. அன்றைய தினம் தாமாக வருவோரை வரவேற்று வழிப்படுத்துவதற்கு, முன்னரே பயின்ற சிலர் அவ்விடத்திலே இருத்தல் வேண்டும்.

ஆபத்து நிகழ்ந்த இடத்தை நோக்கி மக்கள் குவியும் இவ்வியல்பை அமெரிக்க ஆய்வாளர்களான சார்ள்ஸ் பிரிட்ஸ், மத்தியூசன் ஆகிய இருவரும் 1957ஆம் ஆண்டிலே விரிவாக ஆராய்ந்தனர். குவிவோர் ஐவகையினர் என்பது அவர்கள் முடிபு: தம் வீட்டுக்குத் திரும்புவோர், உற்றாரைத் தேடி அஞ்சி வருவோர், உதவ வருவோர், வேடிக்கை பார்க்க வருவோர், நிலைமையைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவோர். ஆட்கள் மாத்திரமன்றிப் பொருள்களும் செய்திகளும் அவ்வாறே குவிகின்றன என்றும் அவர்கள் காட்டினர். நமது தெருக்களிற் காணும் கூட்டத்தை இப்பாகுபாட்டோடு ஒப்பிட்டு நோக்குவோருக்கு ஒன்று விளங்கும். இந்த ஐவகையினரும் வெளித்தோற்றத்தில் ஒருவரைப் போலவே மற்றவரும் இருப்பர். தேடி வந்த தந்தை யார், கைத்தொலைபேசியிற் படம் பிடிக்க வந்த இளைஞன் யார் என அவ்வேளையில் முகம் பார்த்து அறிதல் அரிது. அயலாரை நன்கு அறிந்தவருக்கே அது கைகூடும்.

முன்கூட்டியே பயிற்றுதல் என்னும் கருத்தை உலகுக்கு அளித்தவர் ஆன்றி டுனான். 1859ஆம் ஆண்டு யூன் 24ஆம் நாள் இத்தாலியிலே சொல்பெரினோ என்னுமிடத்திற் பெரும்போர் நடந்தது. தம் வணிகத்தின் பொருட்டு அவ்வழியே வந்த டுனான், காயமுற்றோர் ஆயிரக்கணக்கிற் கவனிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டார். அயலிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரின் பெண்கள், இன்ன நாட்டான் என்று பாராது எல்லார்க்கும் நீரும் கட்டுத்துணியும் கொண்டு ஓடினர். அவர்களது அன்பை டுனான் வியந்தார். ஆயினும் அதனோடு நின்றாரல்லர். 1862இல் வெளியிட்ட நூலிலே, அமைதிக் காலத்திலேயே தொண்டரைத் தேர்ந்து பயிற்றி வைக்கும் சங்கங்கள் நாடுதோறும் வேண்டும் என வற்புறுத்தினார். அடுத்த ஆண்டிலே செஞ்சிலுவை இயக்கம் ஜெனீவாவில் உருவாயிற்று. இலங்கையிலே அது வேரூன்றிய வரலாறும் ஓர் ஆபத்தோடு தொடர்புடையதே. 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயினால் எண்பதாயிரம் அளவினர் மாண்டனர். அதன் பின்னர் 1936இல் இங்கே செஞ்சிலுவைப் பணி தொடங்கிற்று. அந்நோய்க் காலத்திலே கிராமந்தோறும் பருப்பு வழங்கிய கலாநிதி என். எம். பெரேராவைச் சிங்கள மக்கள் “பருப்பு மாத்தையா” என்று அழைத்தனர். அரசியலிற் பெரும்புகழ் பெற்ற பின்னரும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

பயிலாத வீரத்துக்கு மக்கள் கொடுக்கும் விலை எத்துணைப் பெரிது என்பதை 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் நாள் மெக்சிக்கோ நகரிலே நிகழ்ந்த நிலநடுக்கம் காட்டியது. பொதுமக்கள் தாமாகவே திரண்டு இடிபாடுகளுக்குள் நுழைந்து 800 பேர் அளவில் உயிரோடு மீட்டனர் என்பர். அம்முயற்சியில் மீட்க வந்தோருள் நூற்றுவர் வரையில் இறந்தனர் என்றும் கூறுவர். அங்கே சென்று பார்வையிட்ட லொஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறையினர், தம் நகரத்திலும் இத்தகைய நிலநடுக்கம் நேர்ந்தால் முதல் மூன்று நாள்களுக்கு அயலவரே அயலவருக்குத் துணை என்பதை உணர்ந்து, அவ்வாண்டிலேயே குடிமக்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். 1993ஆம் ஆண்டு முதல் அது அமெரிக்க நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. பயிற்சிக் காலம் ஏறத்தாழ இருபது மணித்தியாலமே. சிறு தீயை அணைத்தல், குருதிப்பெருக்கை நிறுத்தல், காயமுற்றோரை அவசர வரிசைப்படி பிரித்தல், இலேசான இடிபாட்டிலிருந்து மீட்டல், குழுவாக இயங்குதல் என்பன கற்பிக்கப்படுகின்றன. எவ்விடத்துக்குட் புகலாகாது என்பதும் அங்கே ஒரு பாடம். நம் கருத்தில் அதுவே தலையாய பாடம்.

இவை மேனாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கற்க. 1897ஆம் ஆண்டு சனவரியிலே சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து மீண்டு முதன்முதற் கால்வைத்தது கொழும்பிலேயாம். அதே ஆண்டு மே மாதத்தில் இராமகிருஷ்ண சங்கத்தின் பணி தொடங்கிற்று. 1899இற் கல்கத்தாவிலே பிளேக் நோய் பரவியபோது, சகோதரி நிவேதிதை மாணவரை அழைத்துப் பேசித் தொண்டர் கூட்டம் ஒன்றைத் திரட்டினார். சுவாமி சதானந்தர் முன்னின்று சேரிகளைத் துப்புரவு செய்வித்தார். உணர்ச்சி ததும்பும் சொற்பொழிவோடு அமையாமல், யார் எந்தத் தெருவுக்குச் செல்வது என்று வகுத்து நடத்தியமையே அப்பணியின் சிறப்பு. கொழும்பு விவேகானந்த சபை 1902இலே தோன்றியது. அச்சபை இருக்கும் விவேகானந்த மேடு ஜிந்துப்பிட்டியின் அயலிலேயே உள்ளது. ஆகவே தொண்டு என்பது இப்பகுதிக்குப் புதிய சொல் அன்று.

கொழும்பு நகரம் ஆபத்துக்கென முறையாக ஆட்சேர்ப்புச் செய்த காலமும் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரிலே குடிமக்கள் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலகாவின் பொறுப்பில், வான் தாக்குதலை எதிர்பார்த்துக் காவலர், துணைத் தீயணைப்போர், முதலுதவியாளர் என வகைபிரித்து ஆட்கள் சேர்க்கப்பட்டனர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. அன்றும் உயிர்த்த ஞாயிறே! அதன் பின்னர் நகர மக்களுட் பலர் ஊர்ப்புறங்களுக்கு ஓடினர். துறைமுகத் தொழிலாளர் பலரும் அவ்வாறே சென்றனர். குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்திற் சேர்க்காத ஒருவன் கடமையில் நிலைத்து நிற்பான் என எதிர்பார்த்தல் பேதைமை. தொண்டரைச் சேர்க்கும்போது, “ஆபத்து வந்தால் உம் வீட்டிலுள்ள முதியோரையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பார்?” என்பதையே முதல் வினாவாகக் கேட்டல் வேண்டும் என்பதற்கு அந்த 1942 நல்ல சான்று.

1958இலும் 1983இலும் நேர்ந்தவை வேறு வகையான ஆபத்துக்கள். 1958இல் றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. 1983 யூலையிலே பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபமும் கதிரேசன் கோயிலும் இரத்மலானை விமான நிலையமும் ஆயிரக்கணக்கானோருக்குப் புகலிடமாயின. அத்தகைய முகாமிலே தொண்டர் யார், அகதி யார் என்ற பிரிவு இருப்பதில்லை. வீடு இழந்து வந்த ஆசிரியரே பிள்ளைகளை ஒருங்கு சேர்ப்பார்; உடுத்த சேலையோடு வந்த பெண்ணே பச்சைக் குழந்தைகளுக்குப் பால் மா பங்கிடுவாள். துயருற்றோரை வெறுமே கைநீட்டி நிற்போராகக் கருதும் திட்டம் எதுவும் முகாமில் நிலைக்காது. அங்குள்ளோரிடையே சமைக்கத் தெரிந்தவர், மருந்து தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் எவரெவர் என முதல் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. இன்று 117 என்ற இலக்கத்தில் அந்நிலையத்தையும், 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் படையையும், 1990 என்ற இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியையும் அழைக்கலாம். இவை பெரும்பேறு. ஆயினும் ஒடுங்கிய ஒழுங்கைகளுள் வண்டி வந்து சேரும் வரை உள்ள இடைவேளையை நிரப்புவது யார்? பெரிய நாளம் அறுந்தவன் ஐந்து நிமிடத்துள் இறக்கவுங்கூடும். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் அருகில் நிற்பவர் அயல்வீட்டார் மாத்திரமே.

இனி, ஜிந்துப்பிட்டி போன்ற ஓரிடத்தில் இதனை எவ்வாறு தொடங்கலாம் என நோக்குவோம். சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும், அவற்றிலிருந்து பிரியும் தோட்டங்களிலும் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். தோட்டம் என்றதும் வெளியூரார் மரஞ்செடிகளை நினைப்பர். கொழும்பிலே அச்சொல் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் வரிசையைக் குறிக்கும். அங்கே வாயில் ஒன்றே. தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அதுவே.

தொண்டர் என்றதும் இளைஞரையே தேடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இளைஞர் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பகற்பொழுதில் அவர்கள் புறக்கோட்டையிலும் துறைமுகத்திலும் கந்தோர்களிலும் இருப்பர். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை தோட்டங்களில் இருப்போர் பெண்களும் முதியோரும் சிறு பிள்ளைகளுமே. எனவே பகல் வேளைக்குரிய படை பெண்கள் படையாகவே அமைதல் வேண்டும். எந்த வீட்டிற் படுக்கையிற் கிடக்கும் நோயாளி உண்டு, எந்த வீட்டில் அடுப்புக்கு அருகே எரிவாயு உருளை வைக்கப்பட்டுள்ளது, எந்தப் பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு தனித்திருக்கும் என்பன அவர்களுக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் எந்த அதிகாரிக்கும் இவ்வறிவு ஒரு நாளிற் கிட்டாது.

பலர் கவனியாது விடும் மற்றொரு கூட்டத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாருட் பலர் இப்பகுதிகளில் வாழ்வோர். பாரத்தை எங்கே பிடிப்பது, எங்கே முட்டுக்கொடுப்பது, நால்வர் ஒரே மூச்சில் எவ்வாறு தூக்குவது என்பன அவர்களுக்குக் கைவந்த கலை. அலவாங்கும் மரக்குற்றிகளும் கொண்டு விழுந்த சுவரைச் சிறிது சிறிதாக உயர்த்தி, உயர்த்தியவிடத்தே குற்றி செருகி, அகப்பட்டவரை வெளியெடுக்கும் முறையை அவர்களுக்குக் கற்பித்தல் மிக எளிது. சான்றிதழ் உடையோரையே தேடுவோர் இவர்களைத் தவறவிடுவர். முச்சக்கரவண்டி ஓட்டுநர், மருந்துக் கடையார், மின்வேலை தெரிந்தோர் ஆகியோரும் அவ்வாறே வேண்டப்படுவோர். குழு ஒவ்வொன்றிலும் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசவல்ல ஒருவரேனும் இருத்தல் இன்றியமையாதது. அவசர இலக்கத்தை அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்வதும், வந்து இறங்கும் படையினருக்கும் தீயணைப்போருக்கும் நிலைமையை விளக்குவதும் அவரது பணி.

அயலிலே வாழ்வோரையே சேர்க்க வேண்டும் என்பதற்கு அண்மைக் காலம் வலுவான காரணம் ஒன்றைக் காட்டியது. 2020 யூலைத் தொடக்கத்தில் ஜிந்துப்பிட்டியில் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று இருப்பதாகக் கூறப்பட்டு, அயலவர் பலர் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் பிற்பகுதி முதற் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய பகுதிகள் வாரக்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்தன. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் மாலையிலும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. இத்தகைய வேளைகளில் வெள்ளவத்தையிலிருந்து எத்துணை அன்போடு ஒருவர் புறப்பட்டாலும் கொட்டாஞ்சேனையை அடைய இயலாது. உள்ளே இருப்பவரே உள்ளே உதவ முடியும்.

ஆட்சேர்ப்பிலே நம்மவரிடத்து ஒரு தயக்கம் உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. பெயர், முகவரி, வீட்டிலுள்ளோர் தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டாற் கொழும்புத் தமிழர் பலர் பின்வாங்குவர். 1983இல் வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டு வீடுகளை அடையாளங்கண்டனர் என்பதை அவர்கள் மறந்திலர். போர்க்காலத்திலே பொலிஸ் பதிவுக்காக மீண்டும் மீண்டும் வரிசையில் நின்றதும் நினைவிலுண்டு. 2007 யூன் 7ஆம் நாள் விடியற்காலையில் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து தமிழர் பலர் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்தது. இத்தகைய அனுபவம் உடையோரிடம், “நல்ல காரியத்துக்குத்தானே கேட்கிறோம்” என்று கூறி இடாப்பு எழுதுதல் போதாது. தொண்டர் பதிவேட்டிற் பெயரும், தொலைபேசி இலக்கமும், செய்யவல்ல பணியும், வீட்டிலிருக்கும் நேரமும் மாத்திரம் இருக்கட்டும். இனம், பிறந்த ஊர், அடையாள அட்டை இலக்கம் என்பன வேண்டா. நோயாளர், முதியோர் விவரம் அந்தந்த ஒழுங்கைக்குரிய இரு பெண்களின் பொறுப்பில் இருந்தாற் போதும்; ஒருங்கு திரட்டிய பேரேடு எதுவும் தேவையில்லை. அரசியற் கட்சியாரின் கைக்கு அது போதல் கூடாது. இவ்வரையறைகளைச் சேர்க்கும் நாளிலேயே வெளிப்படையாக வாசித்துக் காட்டினால் தயங்குவோர் பாதியளவேனும் குறைவர்.

சேர்க்கப்பட்டோர் எல்லாரையும் எல்லாப் பணிக்கும் விடலாகாது. குருதியைக் கண்டு மயங்குவோர் உளர். அவர்கள் பதிவு மேசையிலும் சமையற்கட்டிலும் மிகச் சிறந்து விளங்குவர். எவரும் தனியாகச் செல்லாது இருவர் இருவராகவே செல்லுதல் வேண்டும். ஒரு தலைவரின் கீழ் ஐவர் என்பது அனுபவத்திற் சரியெனக் கண்ட அளவு. எழுவருக்கு மேற்படின் அவரால் ஒருவரையும் கவனிக்க முடியாது. தலைவர் பதவி ஊர்ப் பெரிய மனிதருக்குரிய மரியாதையன்று. முதலில் வந்து சேர்ந்தவர் தலைமை ஏற்பார், தகுதி மிக்கவர் வந்ததும் ஒப்படைத்து விலகுவார். நமது சங்கங்களிலே தலைவர், உபதலைவர், காப்பாளர் எனப் பதவிகள் பெருகும் வழக்கம் தொண்டர் படையில் நுழைந்தால், தீப்பிடித்த இரவில் ஆணையிடுவோர் பதின்மரும் வாளி தூக்குவோர் இருவருமாக முடியும்.

ஆபத்து நாளிலே புதிதாக வந்து குவிவோருக்கென ஒரு வரவேற்பு மேசை வேண்டும். அது நிகழ்விடத்துக்கு அருகே இருத்தலாகாது. இரண்டாவது வெடிப்பு நேரக்கூடும் என்பதைக் கொச்சிக்கடை நமக்குக் காட்டிவிட்டது. கோயில் மண்டபமோ பாடசாலை முற்றமோ ஏற்றது. வருவோரின் பெயரும் திறனும் எழுதப்பட்டு, கையிலே ஒரு நிறப்பட்டி கட்டப்பட்டு, பயின்ற ஒருவரோடு இணைத்து அனுப்பப்படல் வேண்டும். வேலை இல்லாதபோது, “இன்று வேண்டா, நாளை மறுநாட் காலை ஆறு மணிக்கு வாரும்” என்று சொல்லும் துணிவும் வேண்டும். மூன்றாம் நாளில் எல்லாரும் களைத்து வீடு திரும்பிய பின்னரே துப்புரவும் சமையலும் பிணக்கிரியைகளும் எஞ்சி நிற்கும். பணம் பெறுவோர் தொண்டு மேசையில் அமரலாகாது. அதற்குத் தனிப் பற்றுச்சீட்டும் தனி ஆட்களும் இருக்கட்டும்.

தொண்டரைச் சேர்ப்பதிலும் பேணுவது கடினம். ஆபத்து நாள்தோறும் வருவதில்லை. வராதபோது படை கலைந்துவிடும். இதற்கு நல்ல மருந்து நம் திருவிழாக்களே. ஆடி வேல் விழாவும், கோயில் தேரும், யூன் 13ஆம் நாள் அந்தோனியார் திருநாளும் பெருங்கூட்டத்தைக் கூட்டுவன. அக்கூட்டத்திலே மயங்கி விழுந்தோரைத் தாங்குதல், காணாமற்போன பிள்ளையைப் பெற்றாரிடம் சேர்த்தல், தண்ணீர்ப் பந்தலை நடத்துதல், வண்டி செல்லும் வழியைத் திறந்து வைத்தல் ஆகியன ஆபத்து நாளின் பணிகளே. அளவிற் சிறியன, அவ்வளவே. சைவத் தொண்டர் அந்தோனியார் திருநாளிலும், கிறித்தவத் தொண்டர் தேர்த்திருவிழாவிலும் பணி செய்வாராயின் ஒருவர் முகத்தை ஒருவர் அறிவர். முன்பின் அறியாதோர் ஒரு காவுதடியின் இரு முனையையும் பிடித்து ஒழுங்காக நடத்தல் அரிது.

பணியிலீடுபட்டோருக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை தரலாகாது. சிதைந்த உடல்களைத் தூக்கிய இளைஞன் வீட்டுக்குச் சென்று உண்ணாமலும் உறங்காமலும் கிடப்பான். அதனைக் கோழைத்தனம் என எவரும் நகையாடாதவாறு தலைவர் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அடுத்த சில நாள்களில் இருமுறையேனும் அவனது வீட்டுக்குச் சென்று பேசியிருத்தல் அவரது கடமைகளுள் ஒன்று. விலக விரும்புவோரை நன்றியோடு அனுப்புதலும் வேண்டும். அவர் வேறோர் ஆண்டில் மீளவும் வருவார்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. அலவாங்கு இரண்டு, மரக்குற்றிகள், கயிறு, வாளிகள், காவுதடி ஒன்று, கட்டுத்துணிகள், கைவிளக்குகள், தடித்த கையுறைகள், ஊதுகுழல்கள் இவ்வளவே. அவற்றை ஒரு பெட்டியிலிட்டுத் தோட்டத்தின் வாயிலருகே வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, திறப்பை மூன்று வீடுகளிற் கொடுத்து வைத்தல் வேண்டும். அம்மூன்றுள் ஒன்றேனும் பகலில் ஆளிருக்கும் வீடாக இருக்கட்டும்.